ராமநாதபுரம் கடற்கரையில் காலியாகிற ஊர்கள்: உங்களை விடாமல் உறுத்துகிற ஒன்றை எழுதுங்கள்

கச்சான்காற்று

எஸ்.பி.பட்டினம், தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி, நரிப்பையூர் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் போகும்போது கடல் பக்கம் பிரிகிற மண்பாதை எதைக் கண்டாலும் உள்ளே நுழைந்து பார்ப்பேன். காலியாகிக்கொண்டிருக்கிற ஊர்களைத் தேடித்தான். மழை இல்லை, கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம், பிள்ளைகள் திருப்பூரில் அல்லது துபாயில். இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும், விளக்கப் போவதில்லை.

சாயல்குடிக்குத் தெற்கே ஓர் ஊர். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த வாரமே யாராவது கேமராவோடு போய் நிற்பீர்கள். ஒரே தெரு, இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், எல்லாம் பூட்டு. ஓர் அப்பத்தா மட்டும் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். தன் வாசலை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டு வாசல், அப்புறம் அதற்கடுத்த வாசல். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. கேட்டால், "மாசிக் களரிக்கு வருவாக, வாசல் குப்பையாக் கிடந்தா நல்லாவா இருக்கும்" என்றார். குலசாமி கும்பிடுகிற அந்தக் களரிக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருந்தது.

"நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். யார் வீட்டுப் பிள்ளையும் இல்லை, மதுரையிலிருந்து சும்மா பார்க்க வந்தேன் என்றேன். "சும்மாவா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். "குடி, உப்புத் தண்ணி இல்ல. குடம் காசு குடுத்து வாங்குனது." அதை முழுசாகக் குடிப்பதா, மிச்சம் வைத்துத் திருப்பிக் கொடுப்பதா என்று தெரியாமல் நின்றேனே, அதுதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது. உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

மீட்டர்கேஜ் மானாமதுரை

தனுஷ்கோடியை விட்டுவிட்டு இந்தப் பேச்சை எப்படி ஆரம்பிக்கிறீர்கள்? 1964 டிசம்பர் 22 ராத்திரி, புயல், அலை அடித்துப்போன 653 பாசஞ்சர் ரயில், எல்லாம் நமக்குப் பாடம். எனக்கு அந்த ரயில் நிலையம்தான் முக்கியம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் ஏறினால் போட் மெயில் இங்கே கொண்டுவந்து விடும், கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு அங்கே ஒரு ரயில் நிற்கும். சுங்கம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், சர்ச் எல்லாம் இருந்த ஊர். முன்பு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில் மணலும் தண்ணீருமாகக் குலுங்கிக்கொண்டு போவோம். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது, காரோடு போய் இறங்குகிறார்கள்.

ரோடு வந்தபிறகு ஒருமுறை போயிருந்தேன். கூரை போன சர்ச்சுக்குள்ளே கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளை அந்த வெயிலில் கோட்டு சூட்டு. பக்கத்தில் ஓர் அக்கா கருவாடு காயப்போட்டிருந்தார். போட்டோக்காரர் வந்து, பிரேமில் விழுகிறது, கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த அக்கா ஒரு வார்த்தை பேசாமல் வலையோடு சுருட்டி எடுத்தார். அவர்கள் போனதும் மறுபடி விரித்துப் போட்டுக்கொண்டே என்னிடம், "நேத்து மூணு ஜோடி. இன்னைக்கு இதுதான் முதல் ஜோடி" என்றார். இன்றைக்கு மீன்பாடு எப்படி என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல இருந்தது.

பாம்பன்காரி

மீட்டர்கேஜ் அண்ணே, கருவாடு காயப்போட்ட அக்காவையும் நீங்களே எழுதிவிட்டு, காலியான ஊர் என்றும் நீங்களே எழுதுகிறீர்கள். அந்த அக்கா ஆள் இல்லையா? புயலுக்குப் பிறகு குடியிருக்கத் தகுதியில்லாத ஊர் என்று அரசாங்கம் அறிவித்தது உண்மைதான். ஆனால் கடலை நம்பினவர்கள் திரும்பிப் போனார்கள், ஓலைக்குடிசை போட்டார்கள், கரைவலை இழுத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். எங்கள் அம்மாச்சி அப்படிப் போனவர்தான். வீடியோக்காரர்கள் பேய் ஊர் என்று தலைப்புப் போட்டுப் பயங்கரமான ஒரு மியூசிக் வேறு போடுகிறார்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது.

என் கதை சின்னதுதான். அங்கே ஒரு பக்கம் அலை அடிக்கிற ஆண் கடல், ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், நடுவில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கும், அவ்வளவுதான் ரகசியம். சிரட்டையால் மேலாக்க அள்ள வேண்டும். "ஆழமாத் தோண்டாத, உப்பு ஏறிரும்" என்று அம்மாச்சி அதட்டிக்கொண்டே இருப்பார். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று உட்கார்ந்து அள்ளினவர்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் நாங்கள் பாதிக் குடம் அள்ளியிருக்கும்போது கடலில் நனைந்துவிட்டு வந்த ஒருவர், "அட, இங்க தண்ணி இருக்கு" என்று சொல்லி அந்தக் குழிக்குள் காலை விட்டுக் கழுவினார். பக்கத்திலேயே நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறோம். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அம்மாச்சி என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு நாலடி தள்ளி வேறொரு குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார். அந்த ஆளுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. "தேங்க்ஸ்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

மீட்டர்கேஜ் மானாமதுரை

நான் பேய் ஊர் என்று எழுதவே இல்லையே தங்கச்சி. ரயில் வந்து நின்ற ஊரில் ரயில் இல்லை என்கிற வருத்தம் எனக்கு. 2019-ல் மறுபடி பாதை போட அடிக்கல் நாட்டினார்கள், அது வந்திருந்தால் ஊரே மாறியிருக்கும்.

பாம்பன்காரி

யாருக்கு மாறியிருக்கும் அண்ணே? பாதை போடுகிற இடத்தில் இருக்கிற குடிசைகளை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.

கீழக்கரை லாத்தா

சண்டைக்கு நடுவில் வருகிறேன். எங்கள் ஊர் காலியான ஊர் இல்லை, ஆனால் சில தெருக்களில் நடந்தால் அப்படித்தான் தெரியும். பெரிய பெரிய வீடுகள், தேக்குக் கதவு, உள்முற்றம், எல்லாம் பூட்டு. எங்களில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வீட்டோடு வருவார். பெண்ணே சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்டால் வீட்டில் யார் இருப்பது? கல்யாணம், பெருநாள் என்று திறப்பார்கள், நாலு நாள் பிரியாணி மணக்கும், மறுபடி பூட்டு.

சின்னம்மா மகள் ஒருத்தி துபாயில் இருக்கிறாள். அவள் வீட்டுச் சாவி என்னிடம். ஒருநாள் வாட்ஸப்பில் வீடியோ கால் போட்டு, "லாத்தா, வீட்டைத் திறந்து கொஞ்சம் காட்டுங்களேன்" என்றாள். ஒவ்வோர் அறையாகக் காட்டினேன். கரையான், பல்லி முட்டை, ஓர் இடத்தில் காரை பெயர்ந்து கீழே கிடந்தது. எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் கொல்லைக்குப் போனதும், "கிணத்துல வாளியை விடுங்க, சத்தம் கேக்கணும்" என்றாள். கயிறு இற்றுப் போயிருந்தது, வாளி உள்ளே விழுந்துவிட்டது. விழுந்த சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். "சரி லாத்தா, வச்சிர்றேன்" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம், வீட்டைப் பற்றி மட்டும் அவள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. வாளி இன்னும் கிணற்றுக்குள்தான் கிடக்கிறது.

டிராவல் தாசன்

எல்லாம் அருமையான பதிவுகள். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என் கறுப்புக் கண்ணாடியைக் காட்டி என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு உப்பு வாரப் போய்விட்டார். கழற்றிக் கொடுத்திருக்கலாம், அந்த வெளிச்சத்தில் நமக்கே கண் திறக்க முடியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பக்கம் பைக்கில் போக நினைப்பவர்கள் முதலில் டயரைப் பாருங்கள். சீமைக்கருவேல முள் காய்ந்தால் ஆணி, டியூப்லெஸ் இல்லாவிட்டால் போகாதீர்கள், பஞ்சர் கடை கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடியை விட்டால் நினைத்த இடத்தில் கிடைக்காது. தரவையில், அதாவது கடலோர உவர்நிலத்தில், வண்டியை இறக்காதீர்கள், மேலே காய்ந்து வெள்ளையாகத் தெரியும், கீழே சேறு, சக்கரம் புதைந்தால் தள்ளிவிட ஆள் வராது. ஐப்பசி கார்த்திகையில் மண்பாதையை மறந்துவிடுங்கள். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், காரணத்தை மேலே கச்சான்காற்று எழுதிவிட்டார். ட்ரோன் வேண்டவே வேண்டாம், உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது, இலங்கை பக்கத்திலேயே இருப்பதால் கடலோரப் போலீஸ் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்பார்கள், அடையாள அட்டை இருக்கட்டும். அரிச்சல்முனையில் குளிக்காதீர்கள், இரண்டு பக்க நீரோட்டமும் சேருகிற இடம். தூத்துக்குடி வரைக்கும் இருக்கிற 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்தால் வழக்குதான். பூட்டிய வீட்டுத் திண்ணையில் உட்காருவதற்குக்கூட எதிர்வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். கடைசியாக, பெட்ரோல்...

பனங்காட்டான்

தாசன் சார், அந்த அம்மாவுக்கு மூன்று வரி, டயருக்கும் போலீசுக்கும் ஒரு கட்டுரை.

கச்சான்காற்றுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சீமைக்கருவேலத்தைப் போகிறபோக்கில் திட்டிவிட்டீர்கள். கண்மாயைக் கெடுத்தது அதுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் மிச்சம் இருக்கிற வீடுகளில் அடுப்பு எரிவதே அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான். அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிறவர்களும் பஸ் ஏறவேண்டியதுதான்.

எங்களுடையது பனைத்தொழில். மாசி பங்குனியில் ஊரைவிட்டுக் குடும்பத்தோடு பனங்காட்டுக்குள் போய் விடிலி என்கிற ஓலைக்குடிசை போட்டு உட்கார்ந்தால் ஆடி ஆவணியில்தான் ஊர் திரும்புவோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காடு முழுக்க விடிலிதான், ராத்திரியில் ஒரு விடிலியில் கதை சொன்னால் அடுத்த விடிலியில் சிரிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். சீனியைக் கலந்து விற்கிறவன் விலைக்கு நல்ல கருப்பட்டியை எப்படிக் கொடுக்க முடியும்? ஏறுகிறவன் விழுந்தால் கேட்க நாதி இல்லை, பெண் கொடுக்கவும் யோசிக்கிறார்கள்.

ஒருநாள் காலை எங்கள் அய்யா மரத்தின் உச்சிக்குப் போனவர் கலயத்தை இறக்காமல் அப்படியே நின்றுவிட்டார். கீழே அம்மா தாச்சியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள், கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும், கிண்டிக்கொண்டே "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கத்துகிறாள். எனக்குப் பூச்சி எதுவும் கடித்துவிட்டதோ என்று உதறல். இறங்கி வந்தபிறகு கேட்டோம். "ஒண்ணுமில்ல, எத்தனை விடிலியில புகை வருதுன்னு பாத்தேன்" என்றார். "எத்தனை?" என்று நான் கேட்டேன். "நம்மளுது ஒண்ணுதான்." அடுத்த வருஷம் என்னை வடக்கே ஒரு முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். அது தனிக்கதை, வேறொரு நாள் எழுதுகிறேன்.

கோட்டைமேடு

எல்லாரும் நேற்றுக் காலியான ஊரைப் பேசுகிறீர்கள். அழகன்குளம் ரோமாபுரிக் கப்பல் சரக்கு வந்து இறங்கிக் காலியான துறைமுகம். வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கம். தொல்லியல் துறை 1986-லிருந்து விட்டு விட்டுத் தோண்டியிருக்கிறார்கள், ரோமானியக் காசு, மதுச்சாடி ஓடு எல்லாம் எடுத்தார்கள். நான் போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் டவுசர் பையிலிருந்து ஓர் ஓட்டுத் துண்டை எடுத்துக் காட்டி, "அண்ணே, இது அந்தக் காலத்து ஓடா, எங்க ஆத்தா உடைச்ச பானையா?" என்று கேட்டான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வல்லம்

ஊர் என்ன ஊர், தீவே போயிருக்கிறது. கீழக்கரைக்கு எதிரே பூவரசன்பட்டி என்று ஒரு தீவு இருந்தது, இப்போது தண்ணீருக்குள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தால் அலையை எது தடுக்கும்? வெட்டியதும் நம் ஆட்கள்தான், கூலிக்கு. எங்கள் மாமாவும் அந்த வேலைக்குப் போனவர். பையனாக அவரோடு கடலுக்குப் போகும்போது நடுக்கடலில் எஞ்சினை அணைத்துவிட்டு, "இறங்கு" என்பார். நாலு பக்கமும் தண்ணீர், எனக்கோ நடுக்கம். இறங்கினால் முழங்கால் அளவுதான். "நிக்கிறியா? நீ நிக்கிறது நான் வலை காயப்போட்ட இடம்" என்பார். கல் வெட்டிய கதையை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டிராவல் தாசன்

தம்பி, அது பூங்கா எல்லைக்குள் வருகிற இடம். அனுமதி இல்லாமல் இறங்கியது சட்டப்படி குற்றம். இதையெல்லாம் பொதுவில் எழுதாதீர்கள்.

வல்லம்

தீவில் கால் வைத்தால் வழக்கு என்றீர்கள் சார். அங்கேதான் தீவே இல்லையே, எதில் கால் வைத்தேன் என்று எழுதுவார்கள்?

பாம்பன்காரி

தாசன் சார், அந்தப் பெட்ரோல் விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். அதையாவது முடியுங்கள்.