பெயின்டட் பண்டிங்: நேரில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

டெக்சாஸ் உறுப்பினர்:

பெடர்னாலஸ் ஃபால்ஸ் மாநிலப் பூங்காவில் பறவைகளை மறைந்திருந்து பார்ப்பதற்கென்று குடில் ஒன்று உள்ளது. மே மாதக் காலையொன்றில் அங்குதான் வட அமெரிக்கச் சிறு பறவையான பெயின்டட் பண்டிங்கின் ஆணைக் கண்டேன். தலை ஊதா கலந்த நீலம், முதுகு இளம்பச்சை, தொண்டையிலிருந்து வயிறு முழுவதும் சிவப்பு, கண்ணைச் சுற்றியும் ஒரு சிவப்பு வளையம். படத்தில் மட்டும் பார்த்தவர்கள் நிறத்தைக் கூட்டியிருப்பார்களோ என்று சந்தேகிப்பது இயல்பே. வெயிலில் அது படத்தைவிடப் பளிச்சென்று தெரிகிறது. சிவப்பு உணவிலிருந்து கிடைக்கும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருவது. நீலமோ இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது.

ஆயினும் என் கண் நிறத்தைவிட அலகிலேயே நின்றது. விதைகளை உடைப்பதற்கேற்ற அந்தத் தடித்த கூம்பு அலகுதான் வகைப்பாட்டில் குழப்பத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். 1758-இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் இதனைப் பழைய உலகப் (ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா) பண்டிங்குகளின் பேரினமான எம்பெரிசாவில் சேர்த்தார். இன்று இதன் அறிவியல் பெயர் பாசெரினா சிரிஸ். இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் வரும் கருந்தலைப் பண்டிங்குக்கு நெருங்கிய உறவன்று, கார்டினல் குடும்பத்தைச் சேர்ந்தது. இண்டிகோ பண்டிங்கும் லாசுலி பண்டிங்கும் இதே பேரினத்தவை. அலகு பெருத்த நீல குரோஸ்பீக்கையும் பிற்காலத்தில் இதே பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள்.

ஃபுளோரிடா உறுப்பினர்:

நான் பார்த்தது குளிர்காலத்தில், கார்க்ஸ்க்ரூ சதுப்புநிலச் சரணாலயத்தின் தீனிப்பெட்டியருகே. வண்ண ஆணுடன் முழுப் பச்சையாகச் சில பறவைகளும் தினை கொறித்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பெண்கள் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. முதலாண்டு ஆண்களும் அதே பச்சைதான், அந்தக் கோலத்திலேயே அவை பாடவும் செய்யும்.

மேலே எழுதியவர் கண்ட பறவையும் இவையும் ஒரே இனமெனினும், அட்லாண்டிக் கரையோரத்தில் இனப்பெருக்கம் செய்யும் கூட்டத்துக்கும் டெக்சாஸ், ஓக்லஹோமா பகுதிக் கூட்டத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. கிழக்கத்தியவை பிறந்த மண்ணிலேயே இறகு மாற்றிக்கொண்டு தெற்கே புறப்படுகின்றன. மேற்கத்தியவற்றில் பல, பயணத்தின் நடுவே வடமேற்கு மெக்சிகோவில் தங்கி, அங்கு பருவமழை பெய்யும் காலத்தில் இறகு மாற்றுகின்றன. இவ்வளவு தெளிவான வேறுபாடு இருந்தும், ஏட்டிலுள்ள இரு துணையினங்களின் எல்லை இந்த இடைவெளியில் இல்லாமல் டெக்சாஸின் கிழக்குப் பகுதியில் வரையப்பட்டிருக்கிறது. அந்த எல்லையை மாற்றி வரைய வேண்டும் என்பதே என் கருத்து.