மறு: பெரிய தெரு சிமெண்ட் சாலை, பாக்கி 2,80,000 ரூபாய்

சங்கத்துப் பெரியவர்களுக்கும் அண்ணன், அக்கா, தம்பிகளுக்கும் வணக்கம்.

செயலாளர் சித்தப்பாவின் மூன்றாவது மடலும் வந்து சேர்ந்தது. ஊரார் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசு போடுகிற நமக்கு நாமே திட்டத்தில் சாலை மதிப்பீடு 24 லட்சம், அதில் மூன்றில் ஒரு பங்கான 8 லட்சம் நம் தலையில், ஆளுக்குப் பத்தாயிரமாக 52 பேர் கொடுத்தாயிற்று, மற்றவர்கள் எங்கே என்று கேட்டிருக்கிறார். கொடுத்த 52 பேரில் நானும் ஒருத்தி. அந்த உரிமையில் எழுதுகிறேன். பதினோரு நாள் ஊரில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் மஸ்கட் திரும்பினேன்.

சாலை வருவதற்கு முன்பே தெரு போய்விட்டது. குடிநீர்க் குழாய்க்காக நடுவில் வெட்டிய பள்ளத்தைப் பாதி மூடியிருக்கிறார்கள். கால்வாய்க்காக ஐப்பசியில் வெட்டியது மார்கழியிலும் வெட்டியபடியே கிடக்கிறது, அதுவும் இருபுறமும் ஒரே நேரத்தில். பொக்லைன் வாடகை இரண்டு நாளில் முடியட்டும் என்று மேஸ்திரிக்கு அவசரம். இரு வரிசையிலுமாக நாற்பத்திரண்டு வீடு, எந்த வீட்டுக்கும் படி இல்லை. அவரவர் வசதிக்கு ஒரு பாலம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பழைய கதவைப் போட்டிருக்கிறார், இன்னொருவர் துணி துவைக்கும் கல்லை. எங்கள் ஆயா வீட்டு வாசலில் நீளவாக்கில் பிளந்த தென்னந்தடி ஒன்று. மழையில் ஊறிப் பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது. ஆயா அதில் ஏறும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறாள். செருப்புதான் வழுக்கும், கால் வழுக்காது என்கிறாள். அவளுக்கு எண்பத்திரண்டு வயது.

நான் போன நான்காம் நாள் இரவு ஒரு மணிக்கு மிலிட்டரி வீட்டுப் பெரியம்மாவுக்கு மூச்சுத்திணறல். 108 ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் பள்ளிக்கூட முனை வரைதான். அதற்கு மேல் மண்மேடு. கயிற்றுக் கட்டிலில் வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். முன்னால் ஒருவர் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டியபடி பின்பக்கமாகவே நடந்தார். பெரியம்மா இப்போது நலம். கட்டிலின் பின்காலைப் பிடித்திருந்த பையன்தான் பள்ளத்தில் இறங்கி, முழங்காலில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறான். யார் வீட்டுப் பிள்ளை என்று எழுதினால் இங்கே சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அதனால் எழுதவில்லை.

கால்வாய்ச் சுவருக்குக் கட்டிய கம்பிகள் இடுப்பு உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தடுக்கி விழுந்தால் வயிற்றில்தான் ஏறும். மாலையில் பார்த்தால் ஒவ்வொரு கம்பியின் தலையிலும் ஒரு கொட்டாங்கச்சி கவிழ்ந்திருக்கிறது. ஒப்பந்ததாரரின் ஆட்கள் செய்ததல்ல, அவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். செய்தது யார் என்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்கிறேன்.

தெருக்காரர்களுக்குக் கால் பழகிவிட்டது, இருட்டிலும் தாண்டிவிடுவார்கள். தை பிறந்தால் எருது விடும் விழா, தெருவில் காளைகளை ஓடவிட்டு நொடி எண்ணுகிற நாள். மகள் வீட்டார், சம்பந்தி வீட்டார், காளை கொண்டுவருகிறவர்கள் என்று வெளியூர்க் கூட்டம் வரும். எந்த வாசலில் கதவு, எந்த வாசலில் வெறும் காற்று என்று அவர்களுக்கு யார் சொல்வது? சித்தப்பா, பாக்கியை வசூல் செய்யுங்கள். அதற்கு முன்னால் 70,000 ரூபாய் தனியாக ஒதுக்குங்கள். பலகை, ஒளிரும் பட்டை, சிவப்பு விளக்கு, ராத்திரிக்கு ஓர் ஆள். அடுத்தபடியாகச் சாலைக்காரர் வந்து மிச்சத்தையும் தோண்டுவதற்குள் இதைச் செய்தாக வேண்டும்.

– கிணற்று வீட்டு மகள், மஸ்கட்

*

அம்மா கிணற்று வீட்டு மகளே,

படித்தேன். வருத்தமாக இருக்கிறது. 70,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? பிரித்து எழுது. முழு எண்ணாக வருகிற எந்தக் கணக்கையும் நான் நம்புவதில்லை.

அதற்கு முன்னால் செயலாளருக்கு ஒரு கேள்வி. பணம் போட்ட 52 பேரில் ஏழு பேர் இப்போது இந்தியக் குடிமக்கள் அல்லர். வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் அவர்கள் தருவது வெளிநாட்டுப் பணம். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. அந்தச் சட்டப்படி பதிவோ அனுமதியோ இல்லாத நம் சங்கம் அந்த ஏழு பேர் பணத்தைத் தொடக் கூடாது. அவர்கள் ஏழு பேரும் போட்ட எழுபதாயிரம் எந்தத் தலைப்பில் நிற்கிறது? நூலகக் கட்டட வசூலின்போதும் இதையேதான் கேட்டேன். அப்போது என்னைக் கஞ்சன் என்றீர்கள். நூலகம் எங்கே?

இன்னொன்று. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் மேலே புதிதாகப் போட வேண்டும், வீடுகள் தாழ்ந்து போகக் கூடாது என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். நம் மதிப்பீட்டில் அந்த வரி இருக்கிறதா? இல்லையென்றால் பழைய தார் மேலேயே கொட்டுவார்கள், அடுத்த ஐப்பசியில் உன் ஆயாவின் திண்ணைக்குத் தண்ணீர் வரும். தடுப்பு, விளக்கு, எச்சரிக்கைப் பலகை என்று மதிப்பீட்டில் தனி வரி இருந்தால் அதற்கு நாம் ஏன் இரண்டாம் முறை பணம் தர வேண்டும்? மதிப்பீட்டு நகல் வரட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன். தெருவில் இருக்கும் என் உடன்பிறப்பிடம் கொடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். அந்த வீட்டோடு எனக்குப் பேச்சு இல்லை என்பது இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

– தபால்காரர் வீடு, சிங்கப்பூர்

*

பெரியப்பா பத்து ரூபாய் விண்ணப்பம் எழுதி முடிப்பதற்குள் பக்கத்து ஊரில் பேவர் பிளாக் பதித்து, வரவேற்பு வளைவும் கட்டிவிட்டார்கள். குடியாத்தத்திலிருந்து வருகிற பஸ்ஸில் உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த வளைவுதான். நம்மூர் வந்தால் மண்மேடு.

2022இல் வேலூரில் நிறுத்திவைத்த வண்டியோடு சேர்த்துக் கான்கிரீட் போட்டதைப் பார்த்து நாடே சிரித்தது. இன்று நம் கம்பியும் கொட்டாங்கச்சியும் யாரோ எடுத்த படமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. துபாயில் என் அறைக்காரன், ஆம்பூர்க்காரன், அதை என்னிடமே காட்டுகிறான். தங்கையே, படம் எடுத்தது நீயாக இருந்தால் தயவுசெய்து நீக்கிவிடு.

ஒன்று மட்டும் உறுதி. எருது விடும் விழா பெரிய தெருவில்தான் நடக்க வேண்டும். என் நைனாவின் செவலை அந்தத் தெருவில் ஓடிய நொடிக்கணக்கை இன்னும் பள்ளிகொண்டா சந்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மண்மேட்டில் ஏறி நின்று நான் அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. மாட்டின் கழுத்துச் சலங்கை முதலில் கேட்கும், மாடு பிறகுதான் தெரியும். அந்தத் தெருவை விட்டுவிட்டு ஏரிப் பக்கம் ஓடவிட்டால் அது விழாவா? பள்ளத்தை மூன்று நாளைக்கு மண் போட்டு மூடுங்கள். விழா முடிந்ததும் திரும்ப வெட்டிக்கொள்ளட்டும். செலவை நான் தருகிறேன்.

– மேட்டு வீடு, துபாய்

*

மச்சான், நீ தரும் மண் மூன்று நாளில் இறுகாது. ஒரு காளை ஓடினாலே உள்வாங்கும். பின்னால் ஓடுகிற நூறு பையன்கள் என்ன ஆவார்கள்?

தோஹாவில் சாலை வேலையிலேயே எனக்குப் பதினான்கு வருடம். இங்கே ஒரு தெருவை வெட்டினால் ஒரு பக்கத்தை முடித்து மூடிய பிறகுதான் மறுபக்கத்தைத் தொடுவோம். வண்டி போக வழி, ஆள் நடக்க வழி, ஆம்புலன்ஸ் திரும்ப இடம், இவை முதலில். நம் நாட்டிலும் இதற்கு விதி இல்லாமல் இல்லை. வேலை நடக்கும் இடத்தில் போக்குவரத்தை எப்படிக் கையாள்வது என்று சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் எஸ்.பி. 55 என்று தனி வழிகாட்டியே போட்டிருக்கிறது. தடுப்பு, ஒளிரும் பட்டை, இரவு விளக்கு, கொடி காட்டும் ஆள், எல்லாம் அதில் உண்டு. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவும் சேர்த்தார்கள். சாலை போடுகிறவர் பாதுகாப்புத் தரத்தைக் கைவிட்டு, அதனால் உயிர் போனாலோ உடல் ஊனமானாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உயிருக்கு அவ்வளவுதான் விலை. எழுபதாயிரம் அதைவிட மலிவு என்று கணக்குப் பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

விழாவுக்கு வருவோம். அனுமதி தர மாவட்ட நிர்வாகம் ஓடுபாதையின் இருபுறமும் இரட்டைத் தடுப்பு கேட்கும். கால்வாய்ப் பள்ளத்தில் எங்கே மச்சான் சவுக்குக் கம்பு நடுவாய்? அதற்குள் சிமெண்ட் சாலையே போட்டுவிட்டாலும் பயன் இல்லை. சாக்கு விரித்துத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கான்கிரீட் முழு பலம் பிடிக்க 28 நாள். பலம் பிடித்த சிமெண்ட்டிலும் குளம்பு வழுக்கும். இந்த ஒரு வருடம் ஏரிப் பக்கம் ஓடட்டும். உன் நைனாவின் காளைக்கு அதனால் ஒரு குறையும் வராது.

செயலாளர் ஐயா, பணம் கட்டும்போதே எழுதி வாங்குங்கள்: பாதித் தெருவாகத்தான் வேலை, முனையில் ஆம்புலன்ஸ் திரும்ப இடம், வெட்டியதை மூடாமல் அடுத்ததை வெட்டக் கூடாது. என் அக்கா கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட அதே தெருவில் எங்களுக்கு இடம் தராதவர்கள் யார் என்று எனக்கு மறக்கவில்லை. அதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

– சுண்ணாம்புக்காரர் வீடு, தோஹா

*

பெரியப்பா, நீங்கள் கேட்ட கணக்கு. இரவு ஆள், நாளுக்கு 500, தொண்ணூறு நாளைக்கு 45,000. பழைய சென்டரிங் பலகை 42, ஒன்று 300 வீதம் 12,600. சிவப்பு விளக்கு எட்டு, 8,000. ஒளிரும் பட்டையும் கயிறும் 4,400. மொத்தம் 70,000. முழு எண்ணாக வந்ததற்கு நான் பொறுப்பில்லை.

அண்ணா, படம் நான் எடுக்கவில்லை.

கொட்டாங்கச்சி யார் வைப்பது என்று யாருமே கேட்கவில்லை. பெரியப்பா, உங்கள் தம்பிதான். ஐந்தரை மணிக்கு ஒரு மூங்கில் கூடையோடு வருகிறார். பள்ளிக்கூட முனையில் ஆரம்பித்து ஒவ்வொரு கம்பியாகக் கவிழ்த்துக்கொண்டே வருகிறார். பூட்டிக் கிடக்கும் உங்கள் பங்கு வாசலுக்கு முன்னால் இருக்கும் கம்பிகளையும் விடுவதில்லை. காலையில் வேலைக்காரர்கள் தட்டிவிடுகிறார்கள். மாலையில் பள்ளத்தில் இறங்கிப் பொறுக்கி, மறுபடியும் முதலிலிருந்து.

– கிணற்று வீட்டு மகள்

*

பலகைக்கும் விளக்குக்கும் பட்டைக்குமான 25,000 இன்று என் கணக்கிலிருந்து அனுப்பியிருக்கிறேன். என் கடவுச்சீட்டு இந்தியக் கடவுச்சீட்டுதான். ரசீது வேண்டும். முதல் பலகை உன் ஆயா வாசலுக்கு.

கம்பி மொத்தம் எத்தனை என்று எண்ணிச் சொல்லச் சொல். தலையில் மாட்ட இங்கே பிளாஸ்டிக் தொப்பி விற்கிறார்கள். பொங்கலுக்கு யாராவது ஊருக்குப் போகிறார்களா?

– தபால்காரர் வீடு, சிங்கப்பூர்