ஒரே கல்லுக்கு இரண்டு நிறை: ஸ்பிரிங் சோதனையில் 20 கிராம் கூடுதலாக வருகிறது

முதலாண்டு மாணவி:
வணக்கம். ஸ்பிரிங்கின் சுருள் மாறிலியை (ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதை) கண்டுபிடித்து, அதை வைத்து ஒரு கல்லின் நிறையைச் சொல்ல வேண்டும். 50 கிராம் ஏற்றும் ஒவ்வொரு முறையும் முள் 2 செ.மீ. இறங்குகிறது. மாறிலி 24.5 நியூட்டன்/மீட்டர். கல்லைக் கட்டினால், 150 கிராமுக்கு நின்ற அதே கோட்டில் முள் நிற்கிறது. அதுவரை சரி. அதே கல்லை ஆட விட்டால் 20 அலைவுக்கு 10.47 நொடி. சூத்திரத்தில் (அலைவுக்கால வர்க்கம் = 4 பை வர்க்கம் × நிறை ÷ மாறிலி; அலைவுக்காலம் என்பது ஓர் அலைவுக்கு ஆகும் நேரம்) போட்டால் 170 கிராம்! மூன்று தடவை எடுத்தும் அப்படித்தான். நாளை மறுநாள் ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கே தப்பு?

ஊசல்:
எண்ணுவதில் கோட்டை விட்டிருப்பீர்கள். வாட்சை அழுத்தும்போதே ‘ஒன்று’ என்று ஆரம்பித்தால், 19 அலைவைத்தான் 20 என்று நினைப்பீர்கள். ‘சுழி’ என்று தொடங்குங்கள்.

பழைய லேப்காரன்:
அப்படியென்றால் நேரம் குறைந்து, நிறையும் குறைவாகத்தானே வரும்? இவருக்குக் கூடுகிறதே. தெரிந்த எடைகளை ஆட்டிப் பார்த்தீர்களா, தங்கச்சி?

முதலாண்டு மாணவி:
பார்த்தேன் அண்ணா. எடைகளை மாட்டும் தொங்கியையும் சேர்த்து 100 கிராமுக்கு 8.79 நொடி, 200க்கு 11.91, 300க்கு 14.36. எல்லாம் 20 அலைவுக்கு. தனித்தனியாக மாறிலி கண்டால் 20.4, 22.3, 23.0. எடை ஏற ஏற ஸ்பிரிங் விறைக்குமா என்ன?

பழைய லேப்காரன்:
விறைக்காது. மாறிலியை 24.5 என்றே வைத்து, அந்த நேரங்களிலிருந்து நிறையைக் கணக்கிடுங்கள். 120, 220, 320 வரும். கல்லுக்கு 170. எல்லாவற்றிலும் அதே 20 கிராம். நீங்கள் எடை போடாத ஒன்று கூடவே ஆடுகிறது: ஸ்பிரிங்கேதான்.

அதன் மேல்முனை கொக்கியில் அசையாமல் இருக்கிறது. கீழ்முனை எடையின் வேகத்திலேயே போகிறது, நடுச்சுற்று பாதி வேகத்தில். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் எல்லாச் சுற்றுகளுக்கும் கூட்டினால், ஸ்பிரிங் நிறையில் மூன்றில் ஒரு பங்கு எடையோடு சேர்ந்துகொள்ளும். முள்ளைப் பார்க்கும் முறையில் இது தலைகாட்டாது. ஸ்பிரிங் தன் எடையால் இறங்கியிருப்பது எல்லா அளவீட்டிலும் ஒன்றுதான், கழித்தால் போய்விடும்.

300க்கும் 100க்கும் உள்ள நிறை வேறுபாட்டை, அலைவுக்கால வர்க்கங்களின் வேறுபாட்டால் வகுத்து 4 பை வர்க்கத்தால் பெருக்குங்கள். அதே 24.5 வரும்.

அப்புறம், அலைவுக்கால வர்க்கத்துக்கும் ஏற்றிய நிறைக்கும் வரைபடத்தில் போடும் கோடு மூலப்புள்ளி (இரண்டும் சுழியாகும் புள்ளி) வழியாகப் போகாது. போக வைக்க ஸ்கேலைத் திருப்பாதீர்கள். நான் திருப்பி மார்க் இழந்தவன்.

ஊசல்:
நான் சொன்னது தப்புதான். ஆனாலும் சுழியிலிருந்தே எண்ணுங்கள்!

முதலாண்டு மாணவி:
ஸ்பிரிங்கைக் கழற்றித் தராசில் வைத்தேன்: 61 கிராம். மூன்றில் ஒன்று 20.3. கல்லையும் வைத்துப் பார்த்தேன், 150தான். ரொம்ப நன்றி அண்ணா. கோட்டை நேற்றே மூலப்புள்ளி வழியாக இழுத்துவிட்டேன், அதுவும் பேனாவில். வரைபடத்தாள் வாங்கக் கிளம்புகிறேன்.