உதவியாளர் தள்ளி உட்கார்ந்த பிறகு

நான் சிறப்பு ஆசிரியர். ஆட்டிசம் உள்ள ஒரு மூன்றாம் வகுப்புப் பையனைப் பற்றி எழுதுகிறேன்.

அவனுக்குத் துணையாக ஓர் உதவியாளர் நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தார். அன்பானவர், பொறுமைசாலி. ஆனால் வகுப்பில் உட்கார்ந்து கவனித்தபோது ஒன்று உறுத்தியது. வகுப்பாசிரியை அவனிடம் எதையுமே நேரடியாகக் கேட்கவில்லை. "முடிச்சிட்டானா?" என்று உதவியாளரைத்தான் கேட்டார். அவனுடைய ரப்பர் வேண்டுமென்றால்கூடப் பிள்ளைகள் உதவியாளரிடம்தான் கேட்டார்கள்.

இது பல இடங்களில் நடப்பதுதான். அமெரிக்காவில் சிறப்புக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் ஜியாங்ரெக்கோவின் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: உதவியாளர் எப்போதும் ஒட்டியே இருந்தால், அந்தக் குழந்தை தன் பொறுப்பு என்ற எண்ணம் ஆசிரியருக்குக் குறைகிறது, சக மாணவர்கள் விலகுகிறார்கள், குழந்தையும் அந்தப் பெரியவரையே நம்பியிருக்கப் பழகிவிடுகிறது.

பையனின் அம்மாவுக்குப் பயம். "அவங்க பக்கத்துல இல்லேன்னா என் பிள்ளையை யாருங்க பார்ப்பாங்க?" நியாயமான பயம். அந்த உதவியாளர் கிடைப்பதற்கே அவர் எவ்வளவோ அலைந்திருந்தார். அதனால் இடத்தை மட்டும் மாற்றினோம். உதவியாளர் வரிசையின் ஓரத்துக்குப் போனார். அந்த வரிசையில் யார் கை தூக்கினாலும் உதவினார்.

ஆசிரியை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொன்னார். "நோட்டை எடு." எடுத்த பிறகுதான் "தேதி எழுது." அன்றைய பாடங்கள் படங்களாக அவன் மேசையில் இருந்தன, ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தப் படத்தை அவனே எடுத்து உறைக்குள் போட்டான்.

எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது காத்திருப்பதுதான். கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். அவசரப்பட்டு வேறு வார்த்தைகளில் மறுபடி கேட்டால், பாதி யோசித்திருந்த பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முதலில் அடிக்கடி திரும்பி உதவியாளரைத் தேடினான். அப்புறம் ஒரு நாள் அறிவியல் பாடத்தில், ஆசிரியை கேட்டுக் காத்திருந்தபோது, "வேர்" என்று அவனே பதில் சொன்னான். பக்கத்துப் பெண் அவனிடமே பென்சில் கேட்க ஆரம்பித்தாள்.

எழுத்து வேலைக்கும், சத்தம் அதிகமாக இருக்கும் நேரத்துக்கும் உதவியாளர் இன்னும் பக்கத்தில் வேண்டும். எந்தப் பாடத்தில் அருகில், எதில் தள்ளி என்பதையெல்லாம் அவனுடைய தனிநபர் கல்வித் திட்டத்தில், அதாவது அவனுக்கென்றே தயாரித்த கற்றல் திட்டத்தில், எழுதி வைத்திருக்கிறோம். இல்லையென்றால் அடுத்த ஆண்டு புது ஆசிரியர் வந்ததும் நாற்காலி பழைய இடத்துக்கே போய்விடும்.