செட்டைக்குள் ஒரு முட்டை

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவில் நின்ற சிவப்புப் பேட்டுக்கோழி சித்திரைக் கடைசியில் அடைக்கு விழுந்தது. கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு இரையும். தூக்கி வெளியே விட்டாலும் திரும்பி வந்து வெறுந்தரையில் படுக்கும். அப்பம்மா ஒரு கடகத்தில் மணல் போட்டு, வைக்கோல் பரப்பி, 12 முட்டை வைத்தா. இடிக்கு முட்டை கூழாகாமல் இருக்கும் என்ற நம்பிக்கையில் ஓரமாக ஒரு இரும்பாணியும் வைத்தா.

7ஆம் நாள் இரவு ரோச் லைற்றை முட்டையின் அடியில் பிடித்துப் பார்த்தோம். பத்து முட்டைகளில் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை போல ஓடியிருந்தன. இரண்டில் ஒன்றுமே இல்லை, எடுத்துவிட்டோம். விட்டுவைத்தால் அழுகி வெடித்து மற்றதையும் கெடுக்கும்.

அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவையாவது எழும்பித் தின்று, தண்ணீர் குடித்து, புழுதி குளித்துவிட்டு வரவேண்டும். கால் மணி, இருபது நிமிடத்தில் முட்டை ஆறிப்போகாது. எங்கள் பேடு இரண்டு நாள் எழும்பவே இல்லை. கொண்டை வெளிறிப் போயிற்று. பயந்துபோய் 11ஆம் நாள் அதை அப்படியே தூக்கினேன். செட்டைக்குள், அதாவது சிறகுக்குள், ஒரு முட்டையை இடுக்கி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. சீமெந்துத் தரையில் விழுந்து உடைந்தது. உள்ளே கறுத்த கண்ணோடு ஒரு சின்ன உயிர். அது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தூக்குமுன் கையை அடியில் விட்டு, இரண்டு செட்டையையும் மெல்ல விலக்கி, முட்டை இருந்தால் கீழே இறக்கிவிட்டுத் தூக்குங்கள். அதன்பிறகு தினமும் காலையில் அப்படியே செய்தேன். குறுணலும் சிரட்டையில் தண்ணீரும் வைத்தேன். செள்ளுப் பூச்சிக்கு அடுப்புச் சாம்பலை மண்ணோடு கலந்து கொட்டிவிட்டேன், அதில் புரண்டு குளித்தது.

18ஆம் நாளோடு கை வைப்பதை நிறுத்தினோம். தீனும் தண்ணீரும் அதன் வாய்க்கு எட்டக் கடகத்தோடு வைத்தோம். அப்போது கோழியை எழுப்பினால் அடியில் உள்ள ஈரப்பதம் போய், ஓட்டின் உள்தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

20ஆம் நாள் இரவு கடகத்துக்குள் கீச்சென்று ஒரு சத்தம். கோழி அடித்தொண்டையால் குறுகுறுத்தது. திரும்பவும் கீச். ஓடு உடையுமுன்பே தாயும் பிள்ளையும் கதைத்துக்கொண்டன.

அடுத்த நாள் மத்தியானத்துக்குள் எட்டுக் குஞ்சுகள். ஒன்பதாவது ஓட்டில் ஒரு துளை மட்டும். உரித்துவிடப் போனேன்.

"தொடாதை பிள்ளை, ரத்தம் வந்திடும். அது தன்ரை பாட்டிலை வரும்" என்றா அப்பம்மா.

விடிய எழும்பிப் போனேன். கோழியின் நெஞ்சுப் பக்கம் ஈரம் காயாத ஒரு கறுப்புத் தலை எட்டிப் பார்த்தது.