எலிபெண்டா படிகளும் மாமியாரின் முட்டியும்

மும்பை செம்பூர் பக்கத்து மக்களே, ஒரு யோசனை வேண்டும். தீபாவளி லீவு விட்டாகிவிட்டது. வீட்டில் இரண்டு வாண்டுகள், 5 வயது, 9 வயது. போன ஞாயிறு கான்ஹேரி குகைக்குப் போனோம். புளிசாத டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், ஒரு குரங்கு டப்பாவோடு மரமேறி, நிதானமாக வழித்துச் சாப்பிட்டது. சின்னவள் இன்னும் அதையே நடித்துக் காட்டுகிறாள்.

இந்த வாரம் எலிபெண்டா குகைத் தீவு. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் ஒரு மணி நேரம், திங்கள் விடுமுறை, அதெல்லாம் தெரியும். (அங்கேயும் குரங்கு உண்டாம். கட்டுச்சோறு கிடையாது!) கவலை மாமியாரின் முட்டிதான். பொம்மை ரயில் படிக்கட்டு வரைதானே? அப்புறம் சுமார் 120 படிகள். டோலிக்கு (ஆட்கள் தூக்கிச் செல்லும் நாற்காலி) இப்போது எவ்வளவு கேட்கிறார்கள்? பயமில்லாமல் உட்காரலாமா? சரிப்படாது என்றால் வொர்லி நேரு அறிவியல் மையத்துக்கே போய்விடுகிறோம். பெரியவர்களோடு போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.