பிரிஸ்பேன் ட்ரையல்ஸ்: எந்த ரேஸை விடவே கூடாது?

அலைவரிசை:
வர்ற திங்கக்கிழமை, 2024 ஜூன் 10, பிரிஸ்பேன்ல ஆஸ்திரேலியா ஒலிம்பிக் நீச்சல் ட்ரையல்ஸ் ஆரம்பிக்குது, 15 வரைக்கும் நடக்குது. பாரிஸுக்கு யார் யார் போறாங்கன்னு அங்கதான் முடிவாகும். நான் டோக்கியோல இருந்துதான் நீச்சல் ஒழுங்கா பாக்க ஆரம்பிச்சேன், ட்ரையல்ஸ் முழுசா பாத்ததே இல்ல. ஆறு நாளும் உக்காந்து பாக்க வழியில்ல, அதனால எதை விடக்கூடாதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. எங்க பாத்தாலும் பெண்கள் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல், டிட்மஸ் ஓ'கேலகன் மோதல்னுதான் பேச்சு. ஆனா ஒரு ரேஸுக்கு ரெண்டு பேர் போலாம், அவங்க ரெண்டு பேரும் எப்படியும் போயிடுவாங்க, அப்புறம் அதுல பதட்டப்பட என்ன இருக்கு? பெரிய ஆளே வீட்டுக்குப் போற மாதிரி ரேஸ் எது?

கடைசி_ஐம்பது:
இடம் உறுதின்னு சொல்றது சரிதான், ஆனா அந்த 200ஐ மட்டும் தயவுசெஞ்சு விட்றாதீங்க. போன வருஷம் ஃபுகுவோகா உலக சாம்பியன்ஷிப்ல 150 வரைக்கும் டிட்மஸ் முன்னாடி, கடைசி 50ல ஓ'கேலகன் வந்து தாண்டி 1:52.85ல உலக சாதனை, டிட்மஸ் 1:53.01. இத்தாலி பெல்லெக்ரினியோட 1:52.98 2009ல இருந்து, அதாவது வேகம் கூட்டுதுன்னு அப்புறம் தடை பண்ணின அந்த பாலியூரிதேன் சூட் காலத்துல இருந்து நின்ன சாதனை, அது அன்னிக்குத்தான் போச்சு. இத்தனைக்கும் சில வாரம் முன்னாடி ஓ'கேலகனுக்கு முட்டி விலகியிருந்துச்சு. இப்ப ரெண்டு பேரும் ஒரே கோச், டீன் பாக்ஸால் கிட்ட, தினமும் ஒரே குளத்துல பயிற்சி, ஒருத்தருக்கு மத்தவர் எங்க வேகம் கூட்டுவாங்கன்னு அத்துப்படி. டிட்மஸ் டோக்கியோல இதே 200ல 150 வரைக்கும் ஹாங்காங் ஹாஹி பின்னாடி இருந்து கடைசில புடிச்சவங்க, அப்புறம் ஃபுகுவோகால அவங்களையே கடைசில புடிச்சாங்க. புதன்கிழமை யார் முதல் 100ஐ துணிஞ்சு போறாங்கன்றதுலயே பாதி கதை தெரிஞ்சிடும். உலக சாதனை வந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன், ரெண்டு பேருமே பழைய சாதனைக்குள்ள வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

குளக்கரை:
200 நல்ல ரேஸ்தான், ஆனா கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல. ட்ரையல்ஸ்ல நான் முதல் ஆளைப் பாக்குறதே இல்ல, ரெண்டாவது மூணாவது லேனைத்தான் பாப்பேன், அங்கதான் உயிர் போகுது. மூணாவது வந்தவர் உலகத்துல மூணாவதாவே இருந்தாலும் அந்த ரேஸுக்கு டிக்கெட் கிடையாது. அதோட ரெண்டாவது வந்தா மட்டும் போதாது, ஸ்விம்மிங் ஆஸ்திரேலியா வச்ச டைமுக்குள்ளயும் வரணும். செமி ஃபைனலும் இல்ல, காலைல ஹீட்ஸ் (தகுதிச் சுற்று), ராத்திரி ஃபைனல், முடிஞ்சது.

முதல் நாள் ஆண்கள் 400 ஃப்ரீஸ்டைல் பாருங்க. வின்னிங்டன் 2022 உலக சாம்பியன், சாம் ஷார்ட் 2023 உலக சாம்பியன். ஷார்ட் ஜெயிச்சது 3:40.68, ரெண்டாவது வந்த ஹஃப்னாவி 3:40.70. பேப்பர்ல ரெண்டு பேரும் போவாங்கன்னு இருக்கும், ஆனா இதே 400லதான் 2004 ட்ரையல்ஸ்ல இயன் தோர்ப் ஹீட்ஸ்லயே ஸ்டார்ட்டிங் பிளாக்ல தடுமாறி சிக்னலுக்கு முன்னாடி தண்ணில விழுந்து டிஸ்குவாலிஃபை ஆனாரு. உலக சாதனை கையில வச்சிருந்த ஒலிம்பிக் சாம்பியன் அவரு! அப்புறம் கிரெய்க் ஸ்டீவன்ஸ் தன் இடத்தை விட்டுக் கொடுத்து, தோர்ப் ஏதென்ஸ் போய் தங்கம் எடுத்தாரு. எல்லாருக்கும் ஒரு ஸ்டீவன்ஸ் கிடைக்க மாட்டாரு.

நீலக்கோடு:
ஆண்கள் 50 ஃப்ரீல மெக்கெவாய்ய மறந்துட்டீங்களே. போன வருஷம் 21.06, உலக சாம்பியன், வழக்கமான கிலோமீட்டர் கணக்குப் பயிற்சியைக் குறைச்சுட்டு பலத்துக்கும் வேகத்துக்கும் வேலை பண்ணி அந்த இடத்துக்கு வந்தவரு. இப்ப போனா நாலாவது ஒலிம்பிக்.

ஆனா எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிறது கேட் கேம்பெல்லுக்குத்தான். 2008, 2012, 2016, டோக்கியோன்னு நாலு ஒலிம்பிக் ஆச்சு, அஞ்சாவது போனா ஆஸ்திரேலிய நீச்சல்ல வேற யாரும் செய்யாதது. அவங்க 50, 100 ஃப்ரீ ரெண்டுலயும் வர்ற கூட்டத்தைப் பாருங்க, ஓ'கேலகன், எம்மா மெக்கியன், ஷேனா ஜாக், மெக் ஹாரிஸ். இந்த நாலு பேர்தான் ஃபுகுவோகால 4x100 ஃப்ரீ ரிலேல 3:27.96 உலக சாதனை போட்டவங்க. 100ல ரிலேக்காக கூடுதல் ஆள் எடுப்பாங்க, அதனால அதுல மூணாவது நாலாவது வந்தாலும் அழ வேண்டாம், ஆனா 50ல ரிலே கிடையாது, ரெண்டே இடம். 100ல டோக்கியோ தங்கம் வாங்கின மெக்கியனே தனி ரேஸ்ல இடம் இல்லாம போகலாம், அவ்ளோ நெருக்கடி.

அலைவரிசை:
ஆஹா, 50க்கும் 100க்கும் இப்படி ஒரு வித்தியாசம் இருக்குன்னு நான் யோசிக்கவே இல்ல. இன்னொண்ணு, டிட்மஸ், பேக்ஸ்ட்ரோக் கெய்லி மெக்கியூன் மாதிரி ஆளுங்க இங்கயே முழு வேகம் போயிட்டா பாரிஸ்ல மிச்சம் இருக்குமா? டேப்பர் பண்ணி, அதாவது ரேஸுக்கு முன்னாடி பயிற்சியைக் குறைச்சு உடம்பை முழு வேகத்துக்குத் தயார் பண்ணி வருவாங்களா இல்ல அடக்கி வாசிப்பாங்களா?

குளக்கரை:
நல்ல கேள்வி, இதுல ஆஸ்திரேலியா நல்லா சூடு பட்டிருக்கு. 2016ல ட்ரையல்ஸ் ஏப்ரல்ல வச்சாங்க, அங்க மெக்கெவாய் 100 ஃப்ரீல 47.04 போட்டு உலகமே அசந்து போச்சு, ஆகஸ்ட்ல ரியோல ஏழாவது. கேட் கேம்பெல்லும் அப்ப உலக சாதனையோட போய் ஆறாவது. அதே ட்ரையல்ஸ்ல மெக்கெவாய்க்குப் பின்னாடி ரெண்டாவது வந்த 17 வயசு கைல் சால்மர்ஸ்தான் ரியோ தங்கத்தை எடுத்துட்டு வந்தது. மொத்த டீமுக்கும் நீச்சல்ல மூணு தங்கம்தான். அதுக்கப்புறம்தான் ட்ரையல்ஸை ஜூனுக்குத் தள்ளுனாங்க, டோக்கியோல நீச்சல்ல மட்டும் ஒம்பது தங்கம் வந்துச்சு. தேதியை மாத்தினதால மட்டும்தான் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா புடிச்ச ஃபார்மை ஆறு வாரம் காப்பாத்துறது வேற, நாலு மாசம் காப்பாத்துறது வேற.

இடம் உறுதியா இருக்கிறவங்க முழு டேப்பர் எடுக்காம வரலாம், ரெண்டாவது இடத்துக்கு அடிச்சுக்கிறவங்களுக்கு அந்த வசதி இல்ல, எல்லாத்தையும் இங்கயே கொட்டியாகணும். அதனால முதல் ஆளோட டைமை வச்சு பாரிஸ் கணக்குப் போடாதீங்க.

கடைசி_ஐம்பது:
டிட்மஸ் அடக்கி வாசிக்கிற ஆள் இல்லன்னுதான் எனக்குத் தோணுது. போன செப்டம்பர்ல ஆபரேஷன் முடிஞ்சு திரும்பி வந்திருக்காங்க, கனடா ட்ரையல்ஸ்ல போன மாசம்தான் மெக்கின்டாஷ் 400 மெட்லில (நாலு ஸ்டைலும் சேர்ந்த ரேஸ்) 4:24.38 உலக சாதனை போட்டுட்டு நிக்குறாங்க, டிட்மஸ் 3:55.38 உலக சாதனை வச்சிருக்கிற 400 ஃப்ரீல பாரிஸ்ல அவங்களையும் அமெரிக்கா லெடெக்கியையும் சந்திக்கணும். முதல் ராத்திரியே அந்த 400 இருக்கு. மெக்கியூன் 100 பேக்ஸ்ட்ரோக்ல 57.33 தன் சாதனையவே துரத்துவாங்க, அதுலயும் ரெண்டாவது இடத்துக்கு ஓ'கேலகன் வர வாய்ப்பிருக்கு, வந்தா வேற யாரோ ஒருத்தரோட கனவு அங்க போகும். திங்க, புதன், வெள்ளி மூணு ராத்திரி ஒதுக்க முடிஞ்சா ரெண்டு 400, பெண்கள் 200, பெண்கள் 100னு இதுல பேசின முக்காவாசி வந்துடும். சனிக்கிழமை பெண்கள் 50ஐ மட்டும் எப்படியாவது சேத்துக்கோங்க.